காத்துல வந்தாத்தான் வாங்கணும்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்கண்ணே. நான் இந்த மலையைப் பதினாறு வருசமாப் பாக்குறேன், அதுக்கும் என்னைப் பாத்துச் சலிச்சுப்போச்சு. பையை மடியில வச்சுக்கங்க. கீழ வச்சா மூணாவது வளைவுல டிரைவர்கிட்டப் போயிரும்.

ஒண்ணு கேக்கட்டா? இன்னைக்குக் காலையில பத்து மணிக்கு ரேடியோ கேட்டீங்களா? கேக்கலயா. சரி, போகட்டும். கேட்டிருந்தீங்கன்னா என் குரலை வச்சே ஆளைக் கண்டுபிடிச்சிருப்பீங்க. இப்ப நானே சொல்ல வேண்டியதா இருக்கு.

எம் பேரு மொக்கராசு. மேல கழுகுமூக்குன்னு ஒரு பாறை. பாறைக்கு மேல ஒரு ரூமு, ரூமுக்கு மேல ஒரு ஏரியல் கம்பி. அந்தக் கம்பிக்கு நான் வேலைக்காரன். கீழ டவுன்ல விவசாய சங்கத்துக்காரங்க ஒரு ரேடியோ ஸ்டேஷன் நடத்துறாங்கல்ல, சின்ன ஸ்டேஷன், அவங்க பேசுறது மலையடிவாரம் வரைக்கும் வந்து நின்னுரும். மேல ஏறாது. வயசான ஆளு மாதிரி மூச்சு வாங்கும். அதனால நம்ம ரூம்ல ஒரு மிஷின் வச்சிருக்காங்க. கீழ இருந்து வர்ற சத்தத்தைக் கம்பி புடிக்கும், மிஷின் அதை வேற நம்பர்ல தேயிலை எஸ்டேட் பூராம் விடும். அவ்வளவுதான். அவென் தும்முனா நாங்களும் தும்முவோம். அவென் செருமுனா நாங்களும் செருமுவோம்.

என் வேலை என்னன்னா, காத்து, மழை, கொரங்கு, இந்த மூணும் கம்பியைத் திருப்பும். நான் ஏறி நேர் பண்ணணும். எதுக்கு நேரு? கீழ தெரியுதே ஒரு உடைஞ்ச செங்கச்சூளைப் புகைபோக்கி, அதுக்கு நேரு. அதுல ஒரு சாண் தப்புனாலும் போச்சு. ஏன்னா மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. அங்க ஒரு ஸ்டேஷன் அதே நம்பர்ல பேசுது. இந்தப் பக்கம் பாத்தாத் தமிழு, அந்தப் பக்கம் பாத்தா மலையாளம். நடுவுல பாத்தா ரெண்டும் சண்டை போடும், எங்க லைன் வீட்டுக் கொழாயடி மாதிரி.

மாசத்துக்கு ஒரு தடவை எஞ்சினியர் வருவாரு, தாமோதரன் சார். நல்ல மனுசன், சிரிக்க மாட்டாரு. கதவுல ஒரு தாள் ஒட்டியிருக்காரு, ரூல்ஸு. நான் மூணாவதோட பள்ளிக்கூடத்துக்கு விடுதலை குடுத்தவன், எனக்கு எங்க படிக்கத் தெரியும். அவரே படிச்சுக் காட்டுனாரு. கீழ இருக்குறது அம்மா ஸ்டேஷனாம், நம்மளது புள்ளை ஸ்டேஷனாம். அம்மா பேச்சைக் காத்துல வந்தாத்தான் வாங்கணும். ஃபோன்ல வாங்கக் கூடாது, நெட்டுல வாங்கக் கூடாது, யாரும் கையில கொண்டாந்து குடுத்தாலும் வாங்கக் கூடாது. காத்துல வரலையா, வாயை மூடிக்கிட்டு மிஷினை அமத்தணும். சொந்தமா ஒரு வார்த்தை பேசக் கூடாது. நான் கேட்டேன், சார், இது மருமகளுக்குப் போட்ட சட்டமா, மிஷினுக்குப் போட்ட சட்டமான்னு. அதுக்கும் அவரு சிரிக்கல.

எனக்கு அது பெரிய கஷ்டம்ணே. நான் ஒண்ணு சொன்னா எதுத்த ஆளு சிரிக்கணும். வேற ஆசை ஒண்ணும் எனக்குக் கெடையாது. அதுலயும் எம் பொண்டாட்டி பவுன்தாயி சிரிக்கணும். அவளுக்கு ஒரு தெத்துப்பல்லு. அதனால முந்தானையை எடுத்து வாயில வச்சுக்கிட்டுத்தான் சிரிப்பா. சத்தம் வராது, தோளு மட்டும் ஆடும். கல்யாணம் ஆன புதுசுல, அழுகிறாளோன்னு பயந்துட்டேன். அப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன். தினம் சாயங்காலம் அவ இலை எடுத்துட்டு வருவா, நான் ரூம்ல இருந்து எறங்கி வருவேன், அவ சோறு போடுறதுக்குள்ள அந்தத் தோளை ஒரு தடவை ஆட்டிப் பாத்துரணும். ஆடிருச்சுன்னா அன்னைக்கு வேலை முடிஞ்சுது.

இப்படி ஒழுங்காப் போய்க்கிட்டு இருந்த குடும்பத்துலதான் அவென் வந்தான்.

இன்பசாகரன். பேரைப் பாருங்க. புனைபேரா இருக்கும்னு நெனச்சு எஞ்சினியர்கிட்டக் கேட்டேன், ரேசன் கார்டுலயும் அதானாம். வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு 'தோழியர் நேரம்'. குரல் எப்படி இருக்கும்னா, நல்லெண்ணெய்ல முக்கி எடுத்த மாதிரி வழுக்கிக்கிட்டு வரும். 'தோழிகளே'ம்பான். எங்க லைன்ல நாப்பத்திரெண்டு பொம்பளைங்க, அத்தனை பேரும் தேயிலைக்கு நடுவுல நின்னுக்கிட்டு 'ம்'முன்னு சொல்லுவாங்க. புருசன் கூப்புட்டா மட்டும் 'என்னய்யா இப்ப'ன்னு கேப்பாங்க. பவுன்தாயி ஒரு சின்ன ரேடியோவைச் சுருக்குப்பையில போட்டு இடுப்புல சொருகிக்குவா.

நீங்களே யோசிச்சுப் பாருங்கண்ணே. அவென் கொஞ்சுற குரலை, மழையில நனைஞ்சு, கம்பியில ஏறி, நேர் பண்ணி, எம் பொண்டாட்டி இடுப்புல கொண்டுபோயி வைக்கிறது யாரு? நானு. சம்பளம் வாங்கிக்கிட்டு. எந்த ஊர்லயாவது இப்படி ஒரு உத்தியோகம் கேள்விப்பட்டிருக்கீங்களா?

அதோட போச்சான்னா, இல்ல. ஒரு நாள் ரூம்ல உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். அவென் சொல்றான், நம்ம கங்காணிக்கும் அட்டைப் பூச்சிக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான் தோழிகளே, அட்டை வயிறு ரொம்புனா தானா விழுந்துரும்னு. எனக்குச் சுருக்குன்னுச்சு. அது நான் சொன்னதுண்ணே. அதுக்கு முந்துன வாரம் ரசத்தை ஊத்திக்கிட்டு நான் இவகிட்டச் சொன்னது. சரி, ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி தோணக் கூடாதான்னு விட்டேன். அடுத்த வாரம், எங்க ஊரு மூடுபனி எப்படின்னா, நேத்து நான் பீடியைப் பத்த வச்சேன், பாத்தா பக்கத்து வீட்டுக்காரன் வாயில இருக்குன்னான். அதுவும் நாந்தான். அதுக்கடுத்த வாரம், இந்த பஸ்சையும் விடல. வளைவுல திரும்புறப்போ டிரைவரு பின்னாடி சீட்டுக்காரன்கிட்டயே தீப்பெட்டி வாங்கிக்குவாருன்னான். நாப்பத்திரெண்டு பொம்பளையும் கூடையைப் போட்டுட்டுச் சிரிச்சாளுங்களாம். 'இந்த ஆளுக்கு எப்படித்தான் தோணுதோ'ன்னு எங்கிட்டயே வந்து சொல்றாளுக.

அந்தா நிக்கிறாரே நம்ம கண்டக்டரு, அவருதான் போட்டு உடைச்சாரு. ஒங்க வீட்டுல ரேடியோ ஸ்டேஷனுக்கு வாராவாரம் கார்டு போடுதேப்பா, நான்தான் கீழ பெட்டியில போடுறேன்னாரு. சாதாரணமாச் சொல்லிட்டு விசிலடிச்சுட்டுப் போயிட்டாரு. இவ எட்டாவது வரைக்கும் படிச்சவ, கையெழுத்து மணிமணியா இருக்கும். எனக்கு ஒரு கார்டு எழுதியிருக்காளா? நான் எதுக்க இருக்கேன், எனக்கு எதுக்குக் கார்டு, அது வேற. இருந்தாலும்.

நேரா அவகிட்டயே கேட்டிருக்கலாம்ல, அதானே யோசிக்கிறீங்க? கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா? அதுக்கப்புறம் நான் எங்க போறது?

எஞ்சினியர்கிட்டக் கேட்டேன். சார், எனக்கு மட்டும் காத்துல வந்தாத்தான் வாங்கணும்னு சட்டம் போட்டீங்களே, கீழ ஒருத்தன் தபால்ல வாங்குறானே, அவனை ஒண்ணும் கேக்க மாட்டீங்களான்னேன். அவரு, அது அம்மா ஸ்டேஷன்யா, அது எதுல வேணாலும் வாங்கும், புள்ளை ஸ்டேஷன்தான் காத்துல வாங்கணும்னாரு. அப்ப அந்த அம்மாளுக்கு நாந்தானய்யா அம்மா? என் வாயில இருந்துதானே எல்லாம் போகுது? இதை அவருகிட்டச் சொல்லல. மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டேன்.

புடிச்சுக்கங்க, பெரிய வளைவு. ம். ஆச்சு.

ஆனி மாசம் மழை புடிச்சுது பாருங்க. காத்துல பாதி வருது, பாதி கரகரங்குது. வியாழக்கிழமை வந்தா இவளுக்கு இருப்புக் கொள்ளல. நெட்டுல தெளிவா வருதாமே, ஃபோனை மிஷின்ல சொருகேன்னு கேக்குறா. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு சந்தோசம். கதவுத் தாளைக் காட்டுனேன். காத்துல வந்தாத்தான் வாங்கணும், மீறுனா லைசென்ஸு போயிரும், என்னைக் கொண்டுபோயி உள்ள வச்சுருவாங்கன்னேன். பதினாறு வருசத்துல அந்தத் தாளை நான் அன்னைக்கு மாதிரி மதிச்சதே இல்ல. கங்காணி வந்து கேட்டாரு, அவருக்கும் அதே சட்டம். கணக்குப்பிள்ளை வந்து கேட்டாரு, அவருக்கும் அதேதான். லைன்ல எனக்கு வக்கீலுன்னு பேரு வச்சுட்டாங்க.

ஆனா அந்தக் கரகரப்புக்கு நடுவுலயும் அவென் குரலு வழுக்கிக்கிட்டு வந்துருதுண்ணே. 'தோழி'ன்னு ரெண்டு எழுத்து வந்தாப் போதும், மிச்சத்தை இவளுகளே நெரப்பிக்கிறாளுக.

அடுத்த வியாழக்கிழமை பத்து மணிக்கு அஞ்சு நிமிசம் இருக்கு. மேல ஏறுனேன். கம்பியைக் கையில புடிச்சேன். பெருசா ஒண்ணும் பண்ணல, ஒரு சாண். ஒரே ஒரு சாண் அந்தப் பக்கம்.

என்னா தெளிவு தெரியுங்களா. மழையே இல்லாத மாதிரி மலையாளம் கொட்டுது. ஒரு அம்மா மரவள்ளிக்கெழங்கும் மீன் கொழம்பும் எப்படி வைக்கிறதுன்னு சொல்லுது. எஸ்டேட் பூராம் மீன் கொழம்பு. பொம்பளைங்க எல்லாரும் ரேடியோவை எடுத்துத் தட்டித் தட்டிப் பாக்குறாங்களாம். கங்காணி மட்டும் அந்தம்மா குரலைக் கேட்டு வேலையை விட்டுட்டு நின்னுட்டாருன்னு சொன்னாங்க. பதினோரு மணிக்கு ஏறித் திருப்பி விட்டுட்டேன். யாரு கேட்டாலும் கொரங்குன்னேன். மூணு வியாழக்கிழமை இப்படிப் போச்சு. அந்தக் கொரங்குக்குக் கெழமை எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு.

நாலாவது வியாழக்கிழமை கம்பியைத் திருப்பிட்டு எறங்குறேன், கீழ இவ நிக்கிறா. மழைக்குப் படங்குச் சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு, இலைக்கூடையோட. வேலை நேரத்துல பாறை மேல ஏறி வந்துருக்கா. அண்ணாந்து கம்பியைப் பாக்குறா, அப்புறம் புகைபோக்கியைப் பாக்குறா. பதினாறு வருசமா எனக்குச் சோறு கொண்டு வர்றவ, அவளுக்குத் தெரியாத நேரா?

"கொரங்கு"ன்னேன்.

"எந்தக் கொரங்கு?"ன்னா.

நான் ஏணியைத் துடைக்க ஆரம்பிச்சேன், கொட்டுற மழையில. அவதான் சொன்னா, "அந்தாளு படிக்கிறது பூராம் ஒம் பேச்சுத்தானய்யா. நான்தான் எழுதிப் போட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா திருப்புன?"

எனக்குக் கோவம் வந்துருச்சுண்ணே. எங்கிட்டக் கேக்காம என் பேச்சை எப்படி நீ இன்னொருத்தனுக்குக் குடுப்ப, நான் சொன்னா நீ ஒருத்திதான் சிரிக்கிற, அதையே அவென் சொன்னா மலையே சிரிக்குது, பேரு பூராம் அவனுக்குன்னு கத்துனேன். மழையில கத்துனா பாதிதான் கேக்கும், அதனால ரெண்டு தடவை கத்துனேன்.

அவ கூடையை எறக்கி வச்சா. "ஒனக்கு எது வேணும்? நான் சிரிக்கிறதா, மலை சிரிக்கிறதா?"

இந்த நாக்கு இருக்கே. இதை நான் வளக்கல, தானா வளந்தது. "மலையே சிரிக்கட்டும். அதுக்குத் தெத்துப்பல்லு இல்ல"ன்னு சொல்லிட்டேன்.

சும்மா வாயில வந்ததுண்ணே. நல்லா இருக்குல்ல? சட்டுன்னு வந்துச்சு. அவளும் முந்தானையை எடுத்து வாயில வச்சா. நான் தோளைப் பாத்தேன். ஆடல. ஏணியில அவளே ஏறி, கம்பியைப் புகைபோக்கிக்கு நேரா திருப்பி வச்சுட்டு, கூடையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

அன்னையில இருந்து சிரிக்கிறது இல்ல. சண்டையும் இல்ல, பேசுறா, சோறு போடுறா. நானும் என்னென்னமோ சொல்லிப் பாத்துட்டேன். கங்காணி மாதிரி நடந்து காட்டுனேன், அந்த மலையாளத்தம்மா மாதிரி மீன் கொழம்பு வச்சுக் காட்டுனேன். 'ம்'முங்குறா. கார்டு போடுறதும் நின்னு போச்சு. கண்டக்டர்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

மலையாளம் வருதுன்னு யாரோ புகார் சொல்லி, எஞ்சினியர் ஏறி வந்தாரு. இவ சோறு கொண்டு வந்து நிக்கிற நேரம். யாரு திருப்புனதுன்னு கேக்குறாரு. எனக்கு முன்னாடி இவ சொல்றா, கொரங்கு சார்னு. என்னையப் பாத்துக்கிட்டே சொல்றா. எங்கிட்ட எந்தக் கொரங்குன்னு கேட்டவ அவருகிட்டக் கொரங்குன்னு முடிச்சுட்டா. வேலை போயிருமேன்னு பயந்துட்டா, பாவம். பொம்பளைங்களுக்குப் பயம் ஜாஸ்தி.

அவருதான் சேதியும் கொண்டு வந்தாரு. கார்டு எழுதுற அம்மாவை மூணு வாரமா ரேடியோவுல கூப்புட்டோம், பதிலே இல்ல, அவங்களும் வீட்டுக்காரரும் ஸ்டுடியோவுக்கு வந்து பேசணும்னு அந்த இன்பசாகரன் கேட்டுவிட்டுருக்கான். மூணு வாரமா எங்க மலைதான் மீன் கொழம்பு வச்சுக்கிட்டு இருந்துச்சே, எப்படிக் கேக்கும். இவ ஒரே வார்த்தை, அவரு மட்டும் போகட்டும் சார்னுட்டா. எனக்குப் பதிலா எஞ்சினியரே ரூம்ல இருக்கேன்னாரு. நல்லாத்தான் போச்சு. அந்தத் திருட்டுப்பயலை நேர்ல பாக்கணும்னு எனக்கும் இருந்துச்சு.

இன்னைக்குக் காலையில போனேன். பாத்தா, அட, எனக்கே பரிதாபமாப் போச்சு. வழுக்கைத் தலை, சளி புடிச்சு மூக்கை உறிஞ்சிக்கிட்டு, கழுத்துல மப்ளரைச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்கான். எந்திரிச்சுக் கையெடுத்துக் கும்புடுறான், வாங்கண்ணேங்குறான். பவுன்தாயி போட்ட கார்டு பூராம் ரப்பர் போட்டு வச்சிருக்கான், பதினோரு கார்டு. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னேன், அவனே படிச்சுக் காட்டுனான். ஒவ்வொரு கார்டுலயும் மேல முதல் வரி, 'இது எங்க வீட்டுக்காரர் மொக்கராசு சொன்னது. அவர் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.' பதினோரு கார்டுலயும் அதே வரி.

நான் அப்படியே உக்காந்துட்டேன்ணே. பாருங்க அநியாயத்தை. அந்த வரியை அவென் ஒரு தடவையாவது ரேடியோவுல படிச்சிருப்பானா? ஏண்டா படிக்கலன்னேன். நேரம் பத்தலண்ணே, மன்னிச்சிருங்கங்குறான். என் பேருக்கு மட்டும் நேரம் பத்தல. அதான் எனக்குத் தாங்கல. வேற எதுவுமே அப்ப மண்டையில ஏறல.

பத்து மணி. மைக்கை என் பக்கம் திருப்புனான். இவ்வளவு நாளா நான் வாங்கி வாங்கி விட்ட மிஷினுக்கு, இப்ப நான் குடுக்கப் போறேன். ஒரு தடவை செருமுனேன். அட்டையைச் சொன்னேன், பனியைச் சொன்னேன், எல்லாம் நான் சொன்னதுதான்னு சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தவங்க வயித்தைப் புடிச்சுக்கிட்டாங்க. நமக்கு வேகம் வந்துருச்சு. புதுசா ஒண்ணு சொல்லுங்கண்ணேன்னான் இன்பசாகரன். புதுசா என்ன இருக்கு? அதான், இவ கேட்டாளே, நான் சிரிக்கிறதா மலை சிரிக்கிறதான்னு, அதைச் சொன்னேன். அவ மாதிரியே கூடையை எறக்கி வச்சுக் குரல் மாத்திச் சொன்னேன். மலையே சிரிக்கட்டும், அதுக்குத் தெத்துப்பல்லு இல்லன்னு முடிச்சேன். சொல்லும்போதே தெரிஞ்சுது, இது நிக்கும்னு. அவென் மேசையில தட்டித் தட்டிச் சிரிச்சான். மூக்குல சளியே வந்துருச்சு.

வெளிய வந்ததும் தேயிலைக் காட்டுக்கு ஃபோன் போட்டேன். பக்கத்து வீட்டு ரோசம்மாதான் எடுத்தா. அண்ணே, காடு பூராம் உருண்டு உருண்டு சிரிச்சுச்சு, கங்காணியே சிரிச்சுட்டாருன்னா. எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க. மலையே சிரிச்சிருக்கு. என் பேரோட.

பவுன்தாயி சிரிச்சாளான்னு கேட்டேன்.

"அவ ரேடியோவைக் கழட்டிச் செடி மேல வச்சுட்டு அடுத்த வரிசைக்குப் போயிட்டாண்ணே. எங்கிட்டத்தான் இருக்கு. இந்தா, பாடிக்கிட்டு இருக்கு, கேக்குதா?"ன்னா.

எப்ப வச்சான்னேன்.

"நீ பல்லுன்னு ஆரம்பிச்சப்ப"ன்னா.

இதுல என்னன்னா, அந்த ரேடியோ பழசுண்ணே. போன பொங்கலுக்கு முந்தி வாங்கிப் போட்ட பேட்டரிக் கட்டை. பாட்டு வந்தா நல்லாக் கேக்கும், பேச்சு வந்தா எறங்கிரும், எனக்கு அந்த விசயம் தெரியும், இதே வேலைல இருக்கேன்ல. அவளுக்குச் சத்தம் பத்தியிருக்காது. கேக்கலன்னா யாருதான் இடுப்புல வச்சுக்கிட்டு இருப்பா? அதான் டவுன்ல புதுசா ரெண்டு கட்டை வாங்கிட்டேன், இந்தா, சட்டைப் பையில.

போய் மாட்டி விட்டுட்டு, அதே மாதிரி நானே நின்னு சொல்லிக் காட்டலாம்னு இருக்கேன், கூடையை எறக்கி வச்சு, மொதல்ல இருந்து.

என்னண்ணே, வெளிய பாக்குறீங்க. பனியைத் தவிர அங்க என்ன தெரியுது? நான் சொன்னதுக்கு நீங்களும் சிரிக்கல. பரவாயில்ல, பஸ்சு சத்தத்துல கேட்டிருக்காது.

பேட்டரிதாண்ணே. வேற என்ன இருக்கப் போகுது, சொல்லுங்க.

சொல்லுங்கண்ணே.